நடை சாத்தும் நேரம்

நெய்வேலியில் கோடை விடுமுறைப் பேச்சு பெரும்பாலும் எல்.டி.சி. என்னும் விடுப்புப் பயணச் சலுகையில்தான் தொடங்கும். நான்காண்டுத் தொகுப்பு முடியப் போகிறது, இந்த முறையும் எடுக்காவிட்டால் போய்விடும் என்ற பதற்றம் அந்தப் பேச்சுக்குள் இருக்கும். மத்திய அரசு ஊழியர் நான்காண்டில் ஒரு முறை இந்தியாவின் எந்த மூலைக்கும் குடும்பத்தோடு போய்வரலாம்; பொதுத்துறை நிறுவனங்களும் இதையொட்டித் தத்தம் விதிகளை வைத்திருக்கின்றன. நல்ல ஏற்பாடு. சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்கள் தாஜ்மகாலையும் காசியையும் பார்த்ததற்கு இந்த ஏற்பாட்டுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நான்காண்டுக்கு ஒரு முறைதான் என்பதாலேயே ஒரு பேராசையும் ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவு தூரம் போகிறோம், ஹரித்துவாரை விடலாமா? ஜெய்ப்பூர் பக்கம்தானே? அமிர்தசரஸ் ஒரு ராத்திரிப் பயணம்தானே?

இப்படி வளரும் திட்டம் எப்படி இருக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சமையல்காரரையும் கூட்டிப்போகும் சுற்றுலா நிறுவனம், விடிகாலையில் இட்லி, பேருந்தில் தூக்கம். டெல்லியில் ஒரே பகலில் குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை, செங்கோட்டை, தாமரைக் கோயில், இந்தியா கேட். ஆக்ராவுக்குப் போய்ச் சேரும் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்துவிட்டால் தாஜ்மகால் மூடியிருக்கும். யமுனைக்கு அக்கரையிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மூன்று ஷிஃப்டில் உழைக்கும் ஊர் தன் விடுமுறையை நான்காவது ஷிஃப்டாக ஓட்டிவிட்டு வருகிறது. வந்ததும் இரண்டு நாள் உடம்பு வலி. கைப்பேசியில் எண்ணூறு படம் இருக்கும். எது எந்தக் கோட்டை என்று கேட்டால் வீட்டுக்குள்ளேயே சண்டை வரும்.

இதில் குடும்பங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய சின்னங்கள் நிறைந்த நாடு ஒன்றை எந்த வேகத்தில் பார்ப்பது என்ற கேள்விக்கு நம் காலம் சொல்லிக்கொடுத்திருக்கும் விடை இது ஒன்றுதான். வேறு விடைகளும் இருந்திருக்கின்றன, சில நெய்வேலிக்கு மிக அருகிலேயே.

ஏனுகுல வீராசாமி என்பவர் சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1830 மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டார். பல்லக்கு, சுமைகாரர்கள், உறவினர், வேலைக்காரர் என்று ஏறக்குறைய நூறு பேர் உடன் போனார்கள். திரும்பி வந்தது 1831 செப்டம்பரில். தெலுங்கில் அவர் எழுதிவைத்த யாத்திரைக் குறிப்புகள் 1838-இல் அச்சேறின. எந்த ஊரில் தண்ணீர் நல்லது, எங்கே தங்க இடம் உண்டு, எந்தச் சந்தையில் என்ன கிடைக்கும் என்று அவர் எழுதிக்கொண்டே போகிறார். வழியில் பார்த்ததெல்லாமே அவருக்குப் பயணம்தான்; காசி அதில் ஒரு பகுதி. பதினைந்து மாத விடுப்பும் நூறு பேர் துணையும் வாய்த்தவரை நமக்கு முன்மாதிரியாகக் காட்டுவது நியாயமில்லை என்பது சரிதான். ஆனால் கையில் காசில்லாமல் நடந்தவர்களுக்கும் அந்தக் காலத்துச் சாலை ஏதோ ஏற்பாடு வைத்திருந்தது. ராமேசுவரம் போகும் வழியெங்கும் தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்கள் அதற்குச் சாட்சி. இரண்டாம் சரபோஜி காலத்து ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. ஒரு நாளில் மனிதக் கால் எவ்வளவு போகுமோ, அந்தத் தூரத்தில் சத்திரம் இருந்தது.

இன்னும் பின்னால் போனால் நெய்வேலிக்கு மேற்கே ஓர் ஊர் வருகிறது.

திருஞானசம்பந்தர் சிறு பிள்ளை. தந்தை சிவபாத இருதயர் தோளில் தூக்கிக்கொண்டு தலம் தலமாகப் போகிறார். தூக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டுப் பிள்ளை தானே நடக்கத் தொடங்குகிறது. பெண்ணாகடத்துத் தூங்கானை மாடத்தை வணங்கிவிட்டு அரத்துறைக்குப் போகும் வழியில் கால் தளர்ந்துவிடுகிறது. மாறன்பாடி என்ற ஊரில் பொழுதும் சாய்ந்துவிட, அங்கேயே தங்குகிறார்கள். அன்றிரவு அரத்துறை மக்களின் கனவில் இறைவன் தோன்றி, வரும் பிள்ளைக்கு முத்துச் சிவிகையும் குடையும் சின்னமும் கொடுத்து அழைத்துவரச் சொல்கிறான். சேக்கிழார் பெரியபுராணத்தில் இதை விரிவாகச் சொல்கிறார். முத்துச் சிவிகைதான் எல்லோருக்கும் நினைவில் நிற்கும். நான் மாறன்பாடியில் நின்றுவிடுகிறேன். அரத்துறை பக்கம்தான். தூக்கிக்கொண்டாவது போய்ச் சேர்ந்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளை களைத்துவிட்டது, தங்கினார்கள். ஒரு மகாகாப்பியம் அந்த ராத்திரித் தங்கலை மதித்துப் பாடியிருக்கிறது. அந்த அரத்துறைதான் வெள்ளாற்றங்கரையில் இன்றைய திருவட்டுறை. நெய்வேலியிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூரம்.

அப்பரின் கதை இதைவிடக் கடுமையானது. பண்ணுருட்டிக்கு அருகே திருவாமூரில் பிறந்தவர் அவர், நம் பக்கத்து ஊர்க்காரர். முதுமையில் கயிலையைக் காணப் புறப்படுகிறார். கால் தேய்ந்தபின் கையால் தவழ்கிறார், கை தேய்ந்தபின் மார்பால் ஊர்கிறார், புரண்டும் போகிறார். கடைசியில் கயிலை கிடைக்கவில்லை. அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றுக் குளத்தில் எழச் செய்கிறான் இறைவன். கயிலைக் காட்சி அங்கே கிடைக்கிறது. தஞ்சையிலிருந்து திருவையாறு அரை மணி நேரம்கூட இல்லை. இமயமலைக்கு டிக்கெட் எடுக்கும் முன் இந்தக் கதையை ஒரு முறை நினைத்துக்கொள்வதில் தவறில்லை. போக வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை, போகலாம். ஆனால் வடநாட்டுக் கல்லறைகளை இரண்டு முறை பார்த்துவிட்டு, கங்கைகொண்ட சோழபுரத்தைப் பேருந்து ஜன்னல் வழியாக மட்டுமே அறிந்த குடும்பங்கள் நெய்வேலியில் குறைவில்லை.

தேவாரத் தலங்கள் 274 என்று வைக்கும் பட்டியலே ஒரு பயணத் திட்டம்தான். அகரவரிசையிலோ பெருமை வரிசையிலோ அது போகாது. காவிரியின் வடகரையில் 63, தென்கரையில் 127, நடுநாட்டில் 22 என்று ஆற்றையும் நிலத்தையும் பிடித்துக்கொண்டு நகரும். ஒரு கரையைப் பிடித்தால் அதையே பிடித்து நட, ஆற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடக்காதே என்கிற நடையாளியின் அறிவு அதில் இருக்கிறது. நெய்வேலி நிற்பது அந்த நடுநாட்டில். திருவதிகையும் திருநாவலூரும் விருத்தாசலமும் பெண்ணாகடமும் அரத்துறையும் அந்த இருபத்திரண்டுக்குள் அடங்கும்.

இந்த வேகம் எப்போது மாறியது என்று தேடினால் பழியை ரயில்மேல் போடுவது வழக்கம். அது பாதி உண்மை. 1841-இல் தாமஸ் குக் இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறக்குறைய ஐந்நூறு பேரை ஒரு தனி ரயிலில் கூட்டிப்போனார். மொத்தமாகச் சீட்டு வாங்கி மொத்தமாக மனிதரை நகர்த்தும் தொழில் அதன்பின் பெருகியது. அவருடைய நிறுவனம் எகிப்துக்குப் போனது. அதுவரை நைல் நதியில் தஹபியா என்ற பாய்மரப் படகில் இரண்டு மூன்று மாதம் பயணம் போவார்கள். நீராவிக் கப்பல் வந்தபின் மூன்று வாரத்தில் அஸ்வான் வரை போய்த் திரும்ப முடிந்தது. எத்தனையோ சாதாரண மனிதர்கள் அதனால்தான் பிரமிடுகளைப் பார்த்தார்கள். அதை இழிவாகப் பேச எனக்கு விருப்பமில்லை. தஹபியாக்காரர்களிடம் இருந்த ஒரு பழக்கம் மட்டும் வேகத்தில் தொலைந்துபோனது. வடக்கிலிருந்து காற்று வீசும்போது எங்கும் நிற்காமல் எதிர்நீரோட்டத்தில் மேலே போய்விடுவார்கள். கோயில்களையெல்லாம் திரும்பும்போது, நீரோட்டம் மெல்ல இழுத்துவரும்போது பார்ப்பார்கள். 1873-74இல் அப்படிப் பயணம் செய்து புத்தகம் எழுதிய அமேலியா எட்வர்ட்ஸ் இதைச் சொல்லியிருக்கிறார். போகும்போது தூரத்தைத் தாண்டு, வரும்போது பார். நெய்வேலிக்காரர்களுக்கு இது மிகவும் பயன்படும் அறிவுரை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நம் கோயில்களிடம் இன்னும் கண்டிப்பான ஓர் ஆசிரியர் உண்டு: நடுப்பகல். பெரும்பாலான கோயில்களில் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்திவிடுவார்கள். திறக்க நான்கு மணி ஆகும். சுற்றுலா ஏற்பாட்டாளருக்கு இது பெரிய தலைவலி. பதினொன்றே முக்காலுக்கு வந்திறங்கி அறுபது பேரையும் ஓட ஓட உள்ளே அனுப்புவார். உண்மையில் இந்த நான்கு மணி நேரம்தான் பயணத்தின் அளவுகோல். காலையில் ஒரு கோயில், மாலையில் ஒரு கோயில், நடுவில் சோறும் நிழலும். நாளுக்கு இரண்டுக்குமேல் வைக்காதே என்று நடையே சாத்திச் சொல்லிவிடுகிறது. மூன்றாவதை நுழைக்கும்போதுதான் முதல் இரண்டும் கலங்கும்.

சாமிகளே இந்த அளவில்தான் பயணம் போகின்றன. ஸ்ரீமுஷ்ணம் பூவராகசுவாமி மாசிமகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்குப் போவதை எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிவார்கள். நேரே போனால் காரில் அதிக நேரம் ஆகாது. உற்சவர் அப்படிப் போவதில்லை. வழியில் ஊர் ஊராக மண்டகப்படி, ஒவ்வோர் இடத்திலும் இறக்கம், பூசை, மரியாதை. கிள்ளையில் தர்காவைச் சேர்ந்த இஸ்லாமியர்கள் வரவேற்று மரியாதை செய்வது அந்தப் பயணத்தின் அழகான கட்டம். நிறுத்தம் இல்லாமல் போயிருந்தால் அந்த உறவே உண்டாகியிருக்காது.

நெய்வேலிக்கு இந்தப் பழமையெல்லாம் அந்நியம் என்று ஓர் எண்ணம் உண்டு. 1956-இல் நிறுவனம், 1957-இல் நேரு தொடங்கிவைத்த சுரங்கம், நேர்க்கோட்டுச் சாலைகள், எண் போட்ட வட்டங்கள் என்று எல்லாமே புதிது. பல மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்களுக்கு விடுமுறை என்றால் சொந்த ஊர், இல்லாவிட்டால் வடநாடு. நடுவில் கிடக்கும் இந்த மண் வேலை செய்யும் இடம் மட்டும்தான். ஆனால் இங்கே தோண்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் போன காடு. 1930களில் தன் நிலத்தில் கிணறு போடும்போது வந்த கறுப்பு மண்ணை ஜம்புலிங்க முதலியார் அலட்சியப்படுத்தாமல் அதிகாரிகளிடம் கொண்டுபோனதில் இந்த ஊரின் கதை தொடங்குகிறது. சோவியத் உதவியோடு கட்டி 1962-இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரோடு ஓய்ந்தது. அதுவும் ஒரு சின்னம்தான். சுரங்கத்துக்காக எழுந்துபோன கிராமங்கள் எந்தச் சுற்றுலா வரைபடத்திலும் இல்லை. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் கதிர் வரும் நெல்வயல்களில் சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியதைத் தமிழகம் முழுவதும் பார்த்தது. சேத்தியாத்தோப்புப் பக்கம் கார் ஓட்டிப் போகிறவர் சோழர் காலத்தை மட்டும் நினைத்துக்கொண்டு போக முடியாது.

அந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விக்கிரவாண்டியில் தொடங்கித் தஞ்சை வரை 165 கிலோமீட்டர் போகும் நெடுஞ்சாலை நெய்வேலி ஆர்ச் கேட்டைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. தெற்கே திரும்பினால் வடலூர், சேத்தியாத்தோப்பு, வீராணத்தின் பக்கம், மீன்சுருட்டி, அணைக்கரை, கும்பகோணம், தஞ்சை. ஏறக்குறைய வந்தியத்தேவன் போன வழி. 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ தொடர், ஆடிப்பெருக்கு நாளில் வீராணத்துக் கரையில் குதிரையில் வரும் அந்த இளைஞனோடுதான் தொடங்குகிறது. தஞ்சைக்கு அவசர ஓலை கொண்டுபோகிறவன் அவன். அப்படியிருந்தும் ஏரியின் புதுவெள்ளத்தையும் திருவிழாக் கூட்டத்தையும் பார்த்துக்கொண்டு மெல்லத்தான் போகிறான். அந்த நிதானத்தை நம்பித்தான் ஐந்து பாகக் கதையும் நகர்கிறது. 2022-இல் படம் வந்தபின் பொன்னியின் செல்வன் சுற்றுலாக்கள் பல முளைத்தன. அவற்றில் வீராணம் பெரும்பாலும் படம் எடுக்க ஐந்து நிமிட நிறுத்தம். முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய அந்த ஏரி பல கிலோமீட்டர் நீளம். 2004 முதல் சென்னைக்கும் அங்கிருந்து குடிநீர் போகிறது. ஆயிரம் ஆண்டாக வேலையில் இருக்கும் சின்னம் ஒன்றுக்கு அரை மணி நேரமாவது கொடுக்கலாம்.

இனி நேராகத் திட்டத்துக்கு வருகிறேன். நான்கு நாள் விடுப்பு கிடைக்கும் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வயதானவர் ஒருவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவர். மே மாதம் வேண்டாம்; பண்ணுருட்டிப் பலாப்பழத்துக்கு நல்ல மாதம், கருங்கல் பிராகாரத்தில் வெறுங்காலோடு நடக்க மோசமான மாதம். தை, மாசி நல்லது. முதல் நாள் எங்கும் நிற்காமல் தஞ்சைக்குப் போய்விட வேண்டும். ஏறக்குறைய 120 கிலோமீட்டர்தான். மதியம் சாப்பிட்டு உறங்கிவிட்டு, மாலையில் பெரிய கோயில். வெயில் இறங்கும்போது அந்த 216 அடி விமானத்தின் நிறம் மாறுவதைப் புல்தரையில் உட்கார்ந்து பார்த்தால் போதும், அன்று வேறு எதுவும் வேண்டாம். மறுநாள் காலை மீண்டும் அதே கோயில். இதைத்தான் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்: பார்த்ததையே இன்னொரு முறையா? ஆமாம். சுவர் முழுக்க ஓடும் கல்வெட்டும் கோட்டத்துச் சிற்பங்களும் முதல் நாள் கண்ணில் படுவதில்லை. அளவு அவற்றை மறைத்துவிடும். நடை சாத்திய பின் அரண்மனைக் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளைப் பார்க்கலாம், பக்கத்தில் சரசுவதி மகால். மாலையில் திருவையாறு, அப்பர் எழுந்த குளம்.

மூன்றாம் நாள் கும்பகோணம் வந்து தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய அந்த ஐராவதேசுவரர் கோயில் விமானம் 80 அடிதான். தஞ்சையைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு முதலில் சின்னதாகத் தெரியும். ஆனால் அதன் அடிப்பகுதியில் சுற்றி வந்தால் அறுபத்துமூவரின் கதைகள் கையகலச் சிற்பங்களாக வரிசையில் வரும். சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் பெரியபுராணம் பாடினார். அடுத்த அரசன் காலத்திலேயே அது கல்லாகிவிட்டது. பிள்ளைகளுக்குக் கதைகளை முன்பே சொல்லிவைத்தால் அவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள். சொல்லாமல் போனால் அரை மணியில் கிளம்பலாமா என்பார்கள். நடுப்பகலுக்குச் சுவாமிமலை. மெழுகில் உரு செய்து உலோகம் வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைகள் அங்கே இருக்கின்றன. தஞ்சையில் கண்ணாடிக்குள் பார்த்த திருமேனி எப்படிப் பிறக்கிறது என்பது அங்கே விளங்கும்.

நான்காம் நாள் திரும்பும் வழியில் கங்கைகொண்ட சோழபுரம். கட்டிய காலப்படி பார்த்தால் இது தாராசுரத்துக்கு முந்தையது, வரிசை கொஞ்சம் கெடுகிறது. கெடட்டும், வரலாற்றுப் பாடநூலின் வரிசைக்காக ஒரே சாலையில் இரண்டு முறை ஓட வேண்டியதில்லை. முக்கியமானது ஒன்றுதான்: தஞ்சையை முன்பே பார்த்திருக்க வேண்டும். தந்தை தஞ்சையில் எழுப்பிய விமானம் நேர்க்கோட்டில் ஏறும். மகன் ராஜேந்திரன் இங்கே எழுப்பியது மேலே போகப்போக உள்வாங்கி வளையும், உயரமும் 180 அடி அளவில் நின்றுவிடும். வடக்கே கங்கை வரை படை அனுப்பியவன் உயரத்தில் தந்தையை மிஞ்ச முயலவில்லை. அதற்குப் பணிவு காரணமா, வேறு அழகைத் தேடினானா என்று பிள்ளைகள் கேட்டால் யாருக்கும் உறுதியான பதில் கிடையாது. நாள் முழுக்க விவாதிக்கலாம். வடக்கு வாசல் பக்கம் சண்டேசருக்குச் சிவன் தன் கையாலேயே மாலை சூட்டும் சிற்பத்தைப் பார்த்துவிட்டு விவாதித்தால் இன்னும் நல்லது.

சிதம்பரத்தை இந்த நான்கு நாளுக்குள் திணிக்கக் கூடாது. ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர், தனி நாளில் போகலாம். கோபுர வாசல்களில் 108 கரணங்களையும் நிதானமாகப் பார்க்கவே ஒரு காலை வேண்டும். விருத்தாசலமும் பெண்ணாகடமும் இன்னொரு ஞாயிறு: செம்பியன் மாதேவி கல்லால் எடுப்பித்த பழமலைநாதர் கோயில், படுத்திருக்கும் யானையின் முதுகுபோல் பின்புறம் வளைந்த தூங்கானை மாடம். அரத்துறைக்கு முடிந்தால் போகலாம், களைத்தால் மாறன்பாடியில் தங்கியவர்கள் செய்ததைச் செய்யலாம். வடலூர் பக்கத்திலேயே இருப்பதால் எந்த நாளும் போகலாம். வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. நடை சாத்தும் நேரத்தில் பசியோடு வருகிறவருக்கு அங்கே சோறு உண்டு.

நான்காம் நாளைப் பற்றி இன்னும் ஒன்று. கும்பகோணத்திலிருந்து காலையிலேயே ஓடிவர வேண்டாம். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் அணைக்கரை வரும். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கீழணையைக் கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரத்து மதிற்கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதனால்தான் அந்தக் கோயில் இன்று சுற்றுமதில் சிதைந்து வெட்டவெளியில் நிற்கிறது. முதலில் கற்களைக் கடந்துவிட்டு, பிறகு கோயிலுக்குப் போகிறோம். நான்கு மணிக்கு நடை திறக்கும்போது போய்ச் சேர்ந்தால் இரண்டு மணி நேரம் நல்ல வெளிச்சம் இருக்கும். அங்கிருந்து ஆர்ச் கேட் ஒன்றரை மணி நேரம். மறுநாள் முதல் ஷிஃப்ட் இருந்தாலும் தூங்கி எழ நேரம் உண்டு.